பிழைக்குறி எதுவும் இல்லாத விரிதாளில் கூட்டுத்தொகை பொருந்தவில்லை: சூத்திரங்களை எப்படிச் சரிபார்ப்பது?

இழையைத் தொடங்கியவர் (கணக்குப் பிரிவு, திருப்பூர்)

வணக்கம். பின்னலாடை தைக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். எனக்கு முன்பு இருந்தவர் எக்செல்லில் அமைத்துவிட்டுப் போன பட்டியலைத்தான் நான்கு மாதங்களாகக் கையாண்டு வருகிறேன். மொத்தம் 212 தொழிலாளர்கள். 5ஆம் வரிசையிலிருந்து 216ஆம் வரிசை வரை ஆளுக்கு ஒரு வரிசை, 217ஆம் வரிசையில் கூட்டுத்தொகை. ஈ நெடுவரிசையில் அடிப்படைக் கூலி, எஃப்-இல் மிகைநேரக் கூலி, ஜி-இல் இரண்டும் சேர்ந்த மொத்தம், எச்-இல் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம், ஐ-இல் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம், ஜே-இல் முன்பணப் பிடித்தம், கே-இல் கையில் கிடைக்கும் நிகரத் தொகை. ஒவ்வொரு வரிசையிலும் நிகரத் தொகைக்கான சூத்திரம் =ஜி5-எச்5-ஐ5-ஜே5 என்ற அமைப்பில் இருக்கிறது.

இந்த மாதம் முதன்முறையாக, கூட்டுத்தொகை வரிசையிலும் அதே கழித்தலைச் செய்து பார்த்தேன். ஜி217-இலிருந்து மூன்று பிடித்தங்களையும் கழித்தால் வரும் தொகை, கே217-இல் இருப்பதைவிட 7,340 ரூபாய் கூடுதலாக இருக்கிறது. பட்டியல் முழுவதையும் மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்துவிட்டேன். எங்கும் பிழைக்குறி இல்லை, சந்தேகமான கட்டங்களின் மூலையில் எக்செல் எச்சரிக்கையாகக் காட்டும் பச்சை முக்கோணமும் இல்லை. ஏழாம் தேதிக்குள் சம்பளம் வங்கிக்குப் போக வேண்டும். 212 வரிசைகளையும் கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்)

அம்மா, வரிசை வரிசையாகப் போடும் முன் அந்த வித்தியாசத் தொகையையே ஒரு நிமிடம் ஆராயுங்கள். பேரேடுகளைக் கையால் எழுதிய காலத்தில், இருப்புக் கணக்கு பொருந்தவில்லை என்றால் நாங்கள் முதலில் செய்வது அதுதான். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 5,400 என்பது 4,500 ஆகியிருக்கும். வித்தியாசத்தின் பாதித் தொகை பட்டியலில் எங்காவது இருந்தால், கூட்ட வேண்டியது கழிக்கப்பட்டோ கழிக்க வேண்டியது கூட்டப்பட்டோ இருக்கலாம். உங்கள் 7,340 ஒன்பதால் வகுபடாது. அதன் பாதியான 3,670 பட்டியலில் இருக்கிறதா என்று கன்ட்ரோல்+எஃப் அழுத்தித் தேடுங்கள். இல்லையென்றால், ஒன்றுக்கு மேற்பட்ட பிழைகள் கலந்திருக்கின்றன என்றே நான் நினைப்பேன்.

அடுத்து, ஏதேனும் ஒரு வெற்றுக் கட்டத்தில் =கவுன்ட்(ஜே5:ஜே216) என்று கொடுத்துப் பாருங்கள். கவுன்ட் எண்களை மட்டுமே எண்ணும். முன்பணம் வாங்காதவர்களுக்கும் சுழியம் போட்டிருக்கிறீர்கள் என்றால் விடை 212 வர வேண்டும். இதையே மற்ற நெடுவரிசைகளுக்கும் செய்யுங்கள்.

இழையைத் தொடங்கியவர்

ஐயா, 3,670 எங்கும் இல்லை. ஆனால் ஜே நெடுவரிசைக்குக் கவுன்ட் 209 என்று வந்தது! மற்றவை அனைத்தும் 212. ஒவ்வொரு கட்டமாகத் தேடியதில் 2,000, 3,500, 1,500 ஆகிய மூன்று தொகைகள் எண்ணாக அன்றி எழுத்தாகப் பதிவாகியிருப்பதைக் கண்டுபிடித்தேன். முன்பண விவரம் வருகைப்பதிவு மென்பொருளிலிருந்து எடுத்து ஒட்டப்படுவதால் இப்படி வந்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து 7,000. இனி 340 ரூபாய்க்குத்தான் விளக்கம் தேவை.

எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. அவை எழுத்து என்றால், அந்த மூன்று தொழிலாளர்களின் வரிசையில் நிகரத் தொகை மட்டும் எப்படிச் சரியாக வந்தது?

மறுமொழி 2 (மென்பொருள் சோதனையாளர், சென்னை)

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. எக்செல்லில் கூட்டல், கழித்தல் குறிகள் எழுத்து வடிவில் இருக்கும் எண்ணையும் எண்ணாக மாற்றிக் கணக்கிட்டுவிடும். சம் என்ற செயற்கூறு அப்படிச் செய்யாது. கொடுத்த எல்லைக்குள் எழுத்தாக இருப்பதைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டு மீதியைக் கூட்டும். ஆகவே உங்கள் வரிசைச் சூத்திரம் 2,000 ரூபாயைப் பிடித்தது, கூட்டுத்தொகைச் சூத்திரமோ அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. தொழிலாளர் கையில் போகும் பணம் சரியாகவே இருந்திருக்கும். முன்பணக் கணக்கில்தான் வசூல் 7,000 ரூபாய் குறைவாகத் தெரிந்திருக்கும். முந்தைய மாதங்களின் முன்பணப் பேரேட்டையும் பார்த்துவிடுங்கள்.

எழுத்தாக உள்ளது இயல்பாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், எண் வலப்பக்கம் நிற்கும். உங்களுக்கு முன்பு இருந்தவர் அழகுக்காக நெடுவரிசை முழுவதையும் வலப்பக்கம் ஒதுக்கியிருந்தால் அந்த அடையாளம் மறைந்திருக்கும். பச்சை முக்கோணம் ஒன்றுகூட இல்லை என்பதால், அமைப்புகளில் பின்னணிப் பிழைச் சரிபார்ப்பை யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். முதல் வேலையாக அதை மீண்டும் இயக்குங்கள்.

மீதி 340 ரூபாய்க்கு என் யோசனை இது. கே5 முதல் கே216 வரை தேர்ந்தெடுத்து, எஃப்5 விசையை அழுத்தி, ஸ்பெஷல் என்பதற்குள் சென்று, கான்ஸ்டன்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சூத்திரம் இல்லாமல் வெறும் எண்ணாக இருக்கும் கட்டங்கள் மட்டும் நிழலிட்டுத் தெரியும். நிகரத் தொகை நெடுவரிசையில் அப்படி ஒன்றுகூட இருக்கக் கூடாது. வேறுபட்ட சூத்திரம் உள்ள கட்டங்களைக் காண, அதே இடத்தில் காலம் டிஃபரன்ஸஸ் என்ற தேர்வு இருக்கிறது; அது நெடுவரிசையின் முதல் கட்டத்தோடு மற்ற கட்டங்களை ஒப்பிட்டு, மாறுபடுபவற்றைக் காட்டும். 212 சூத்திரங்களைக் கண்ணால் படிப்பதைவிட, 'இவை அனைத்தும் ஒரே சூத்திரம்தானா' என்ற ஒரே கேள்வியைக் கேட்பது எளிது. ஒன்றே என்றால், அந்த ஒன்றைக் கவனமாகப் படித்தால் போதும்.

இப்படிச் சூத்திரம் எண்ணாக மாறிப்போவதற்கு ஒரு காரணத்தை நானே பலமுறை நேரில் கண்டிருக்கிறேன். சூத்திரத்தின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தினால் அந்தப் பகுதியின் மதிப்பு தெரியும். பிழை தேடுவதற்கு அருமையான வழி அது. பார்த்து முடித்ததும் எஸ்கேப் அழுத்தி வெளியேற வேண்டும். பழக்கத்தில் என்டர் அழுத்திவிட்டால், அந்த மதிப்பு அப்படியே உறைந்துவிடும். பிழை தேடப் போனவர்களே பிழையை விட்டுவிட்டு வருவது இப்படித்தான்.

மறுமொழி 3 (கடை உரிமையாளர், ஈரோடு)

இவ்வளவு சிரமம் தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. நான் எல்லாச் சூத்திரங்களையும் இஃப்எரர் என்பதற்குள் போட்டு, பிழை வந்தால் சுழியம் காட்டுமாறு அமைத்துவிடுகிறேன். தாள் சுத்தமாக இருக்கிறது, கூட்டுத்தொகையும் எப்போதும் வந்துவிடுகிறது.

மறுமொழி 4 (மென்பொருள் சோதனையாளர், சென்னை)

நண்பரே, இதில் நான் உறுதியாக மாறுபடுகிறேன். பிழைக்குறி என்பது சூத்திரம் தானே முன்வந்து தரும் வாக்குமூலம். அதை அடக்கிவிட்டுச் சுழியத்தை வைத்தால், பிழை அங்கேயேதான் இருக்கும். அதைக் காட்டிக்கொடுத்த ஒரே சாட்சிதான் போய்விடும். ஒரு தொழிலாளரின் மிகைநேர விவரத்தை வேறொரு தாளிலிருந்து, குறியீட்டு எண்ணைத் தேடி அதற்குரிய தொகையை எடுத்துவரும் வீலுக்கப் மூலம் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவருடைய குறியீட்டு எண்ணுக்குப் பின்னால் ஓர் இடைவெளி தட்டச்சாகியிருக்கிறது. வீலுக்கப் அவரைக் கண்டுபிடிக்க முடியாமல் பிழை தர வேண்டிய இடத்தில், இஃப்எரர் சுழியத்தை எழுதுகிறது. இரவில் நின்று தைத்த கூலி அவருக்குக் கிடைக்காது. கூட்டுத்தொகை பொருந்தும், குறுக்குச் சரிபார்ப்பும் பொருந்தும். அந்தத் தொழிலாளர் வந்து கேட்டால் ஒழிய யாருக்கும் தெரியவராது.

அச்சிடும்போது பிழைக்குறி தெரியக் கூடாது என்ற உங்கள் கவலை நியாயமானதுதான். அப்படியானால் சுழியத்துக்குப் பதிலாக 'விவரம் இல்லை' என்ற சொற்களை வரவையுங்கள். கூட்டல் குறி அந்தச் சொற்களைச் சந்தித்ததும் அடுத்த கட்டத்தில் பிழை தரும். அந்தப் பிழையோடு பட்டியல் வங்கிக்குப் போகாது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

வீலுக்கப்பில் நான்காவது உள்ளீட்டையும் விட்டுவிடாதீர்கள். அதில் ஃபால்ஸ் என்று கொடுக்கவில்லை என்றால், அது துல்லியமான பொருத்தத்தைத் தேடாது. பட்டியல் ஏறுவரிசையில் இருப்பதாகக் கருதிக்கொண்டு நெருங்கிய ஒன்றை எடுத்துவரும். அப்போது பிழைக்குறியும் வராது, வேறொருவருடைய தொகை இவருடைய வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும்.

இழையைத் தொடங்கியவர்

340 ரூபாய் கிடைத்துவிட்டது. கே நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டம் நிழலிட்டுத் தெரிந்தது. அதில் சூத்திரம் இல்லை, 9,860 என்ற எண் மட்டும் இருந்தது. அந்த வரிசைக்குச் சூத்திரம் தர வேண்டிய தொகை 10,200. எப்போதோ ஒரு மாதம் கையால் திருத்தியவர் அதைத் திருப்பி வைக்க மறந்திருக்கிறார். இப்போது இரு தொகைகளும் ரூபாய் சுத்தமாகப் பொருந்துகின்றன. இத்துடன் பட்டியல் சரி என்று எடுத்துக்கொண்டு வங்கிக்கு அனுப்பிவிடலாமா?

மறுமொழி 5 (பொருளாதார ஆய்வு மாணவர்)

அனுப்பும் முன் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சோதித்தது ஒரு சமன்பாட்டை மட்டும்தான். ஈ217-ஐயும் எஃப்217-ஐயும் கூட்டினால் ஜி217 வருகிறதா? கூட்டுத்தொகைச் சூத்திரங்களின் எல்லை ஒவ்வொன்றிலும் 216 வரை போகிறதா? புதிதாக ஆட்கள் சேர்ந்தபோது கூட்டுத்தொகைக்கு மேலே வரிசைகளைச் செருகியிருப்பீர்கள். அப்போது சூத்திரத்தின் எல்லை தானாக நீளும் என்று நம்ப முடியாது.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் எங்கள் துறையில் நடந்த ஒரு நிகழ்வு. கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், அரசின் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி −0.1 விழுக்காடு என்று காட்டியிருந்தார்கள். செலவுச் சுருக்கத்தை ஆதரித்த அரசியல் தலைவர்கள் பலர் அதை மேற்கோள் காட்டினார்கள். 2013இல் மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ன்டன், கட்டுரையை எழுதியவர்களிடமிருந்தே அதன் விரிதாளைப் பெற்று அதன் கணக்குகளை மீண்டும் போட்டுப் பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரம் 30 முதல் 49 வரையுள்ள வரிசைகளை எடுக்க வேண்டிய இடத்தில், 44உடன் நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்குக்கு வெளியே இருந்தன. ஹெர்ன்டனும் அவருடைய பேராசிரியர்களான மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் ஆகியோரும் திருத்திக் கணக்கிட்டபோது அந்தச் சராசரி 2.2 விழுக்காடு என்று வந்தது. நேர்மையாகச் சொல்வதானால், அந்த மாற்றம் முழுவதற்கும் இந்தச் சூத்திரம் ஒன்றே காரணமன்று. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படாததும், நாடுகளுக்கு எடைமதிப்பு தந்த முறையும்தான் பெரும்பங்கு வகித்தன. ஆயினும் விரிதாளில் நேர்ந்த அந்தப் பிழையைக் கட்டுரையை எழுதியவர்களே ஒப்புக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகள் அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏனென்றால் 15 நாடுகளின் சராசரியும் பார்வைக்கு ஒரு சராசரியாகவே தோன்றும்.

இன்னொரு வகைப் பிழையும் உண்டு: எல்லை சரி, கட்டங்கள் சரி, சூத்திரத்தின் பொருளே தவறு. ஜே.பி. மார்கன் வங்கி 2012இல் 600 கோடி டாலருக்கும் மேல் இழந்த விவகாரத்தில், அபாயத்தை அளக்கும் விரிதாள் ஒன்று, பழைய விகிதத்துக்கும் புதிய விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் சராசரியால் வகுக்காமல் கூட்டுத்தொகையால் வகுத்தது என்று அந்த வங்கியின் விசாரணை அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. 100, 110 என்ற இரண்டு எண்களை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். வித்தியாசமான 10-ஐச் சராசரியான 105-ஆல் வகுத்தால் 0.095 வரும், கூட்டுத்தொகையான 210-ஆல் வகுத்தால் அதில் பாதிதான் வரும். அபாயம் குறைவாகத் தெரிந்தது. விடை முன்கூட்டியே தெரிந்த இரண்டு எண்களைச் சூத்திரத்துக்குக் கொடுத்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். உங்கள் பட்டியலுக்கும் ஒரு மாதிரித் தொழிலாளரை வைத்துக் கையால் கணக்கிட்டு, சூத்திரம் அதே விடையைத் தருகிறதா என்று பாருங்கள்.

இழையைத் தொடங்கியவர்

நீங்கள் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. எஃப்217-இல் =சம்(எஃப்5:எஃப்212) என்று இருக்கிறது. கடைசி நான்கு வரிசைகளில் இருப்பவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய மிகைநேரக் கூலி 2,860 ரூபாய் கூட்டுத்தொகையில் வரவில்லை. மற்ற நெடுவரிசைகளை யாரோ 216 வரை நீட்டியிருக்கிறார்கள், இதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மறுமொழி 6 (அரசுப் பள்ளிக் கணினி ஆசிரியர், சிவகங்கை)

இரண்டு குறிப்புகளைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் ஆய்வகத்தில் இருப்பது லிப்ரெஆஃபிஸ் என்ற இலவச மென்பொருள்; அதிலும் எக்செல் போன்ற விரிதாள் உண்டு. அதில் கன்ட்ரோல்+எஃப்8 அழுத்தினால் எண்கள் நீலத்திலும் சூத்திரங்கள் பச்சையிலும் எழுத்துகள் கறுப்பிலும் தெரியும். சூத்திரங்கள் மட்டுமே இருக்க வேண்டிய பச்சை நெடுவரிசையின் நடுவே ஒரு நீலக் கட்டம் இருந்தால், மாணவர்கள் அதை ஒரே பார்வையில் காட்டிவிடுகிறார்கள். உங்கள் கோப்பை ஒருமுறை அதில் திறந்து பார்ப்பதால் நட்டமில்லை.

மற்றொன்று முழுமையாக்கல் பற்றியது. தொழிலாளரின் இ.எஸ்.ஐ. பங்கு 2019 ஜூலை முதல் 0.75 விழுக்காடு, ரூபாயின் பின்னம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அடுத்த முழு ரூபாய்க்கு உயர்த்த வேண்டும். 12,450 ரூபாய்க்கு 93.375 வரும், பிடிக்க வேண்டியது 94. சூத்திரம் =ரவுண்டப்(ஜி5*0.75%,0) என்று ஒவ்வொரு வரிசையிலும் இருக்க வேண்டும். பின்னத்தை மறைத்து முழு எண்ணாகக் காட்டும்படி கட்டத்தின் வடிவமைப்பை மட்டும் மாற்றினால், கண்ணுக்கு 93 தெரியும், உள்ளே 93.375 இருக்கும். 212 பேருக்கும் அந்தப் பின்னங்கள் சேர்ந்து, அச்சிட்ட தாளைக் கையால் கூட்டுபவருக்குப் பொருந்தாத ஒரு தொகையைத் தரும்.

மறுமொழி 7 (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்)

அம்மா, முக்கியமான ஒன்றை முன்பே சொல்லியிருக்க வேண்டும். குறுக்குக் கூட்டல் பொருந்துகிறது என்பதால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு தொகையும் சரி என்று ஆகிவிடாது. பி.எஃப். கட்டம் ஒன்றில் யாராவது தவறான எண்ணைத் தட்டியிருந்தால், அந்த வரிசையின் நிகரத் தொகையும் அதற்கேற்பத் தவறும், பி.எஃப். கூட்டுத்தொகையும் அதே அளவு தவறும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுவதால் உங்கள் சமன்பாடு அமைதியாகவே இருக்கும். கே நெடுவரிசைக்குச் செய்த அதே தேடலை எச், ஐ இரண்டுக்கும் செய்யுங்கள். எனக்கு எச் மீதுதான் சந்தேகம். ஏனென்றால் பி.எஃப். கணக்கிடும் கூலிக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு இருப்பதால், பலருக்கு அதில் 12 விழுக்காடான 1,800 என்ற ஒரே தொகை மாதா மாதம் வரும். அவசரத்தில் இருப்பவர் அதைக் கையால் தட்டிவிடுவது இயல்பு.

இழையைத் தொடங்கியவர்

ஐயா, நீங்கள் சந்தேகப்பட்ட இடத்திலேயே இருந்தது. எச் நெடுவரிசையில் =ரவுண்ட்(மின்(ஈ5,15000)*12%,0) என்ற சூத்திரம் இருக்க வேண்டிய மூன்று கட்டங்களில் 1,800 என்று தட்டச்சாகியிருந்தது. மூவருக்கும் நாள் கூலி 600 ரூபாய். 26 நாள் வேலை செய்த மாதத்தில் 15,600 ரூபாய் வரும், அப்போது 1,800 சரியான தொகைதான். இந்த மாதம் ஒருவர் 22 நாள்தான் வந்திருக்கிறார். அவருடைய கூலி 13,200, பிடிக்க வேண்டியது 1,584. பட்டியல் அவரிடமிருந்து 216 ரூபாய் கூடுதலாகப் பிடித்திருக்கிறது. 24 நாள் வந்தவரிடம் 72 ரூபாயும், 20 நாள் வந்தவரிடம் 360 ரூபாயும் கூடுதல். ஆக 648 ரூபாய். கூட்டுத்தொகை ரூபாய் சுத்தமாகப் பொருந்துகிறது என்று நேற்று நான் மகிழ்ந்தபோதும் இது உள்ளேதான் இருந்திருக்கிறது.

இந்த மாதப் பட்டியல் இன்னும் வங்கிக்குப் போகாததால் மூன்றையும் திருத்திவிட்டேன். கடந்த மாதக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அதிலும் அதே மூன்று கட்டங்கள். இருவர் 26 நாளும் வந்திருந்ததால் அவர்களுக்கு இழப்பில்லை. ஒருவர் 25 நாள். கூலி சரியாக 15,000 என்பதால் அவருக்கும் 1,800 சரிதான். அதற்கு முந்தைய மாதத்தில்தான் ஒருவரிடம் 72 ரூபாய் கூடுதலாகப் பிடித்திருக்கிறோம். அவரிடம் நேரில் சொல்லிவிட்டேன். முதலாளியும் இந்த மாதமே கொடுத்துவிடச் சொல்லிவிட்டார்.

அதற்காக நிகரத் தொகைக்கு முன்பாக 'நிலுவை' என்று புதிய நெடுவரிசை ஒன்றைச் செருகியிருக்கிறேன். 218ஆம் வரிசையில் மூன்று சரிபார்ப்புகள் வைத்திருக்கிறேன்: குறுக்குக் கழித்தலின் வித்தியாசம், ஈ, எஃப், ஜி மூன்றின் வித்தியாசம், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் கவுன்ட். வித்தியாசம் சுழியமாக இல்லாவிட்டாலும், கவுன்ட் 212 ஆக இல்லாவிட்டாலும் அந்தக் கட்டம் சிவப்பாகும். நெடுவரிசையைச் செருகியவுடன் முதல் சரிபார்ப்பு 72 என்று சிவப்பில் காட்டியது. நிலுவையை நிகரத் தொகைச் சூத்திரத்தில் சேர்த்த நான், 218ஆம் வரிசையின் சூத்திரத்தில் சேர்க்க மறந்திருந்தேன். அதைச் சேர்த்துவிட்டு, சூத்திரக் கட்டங்களைப் பூட்டி, பட்டியலை இன்று காலை அனுப்பிவிட்டேன்.